கடல்நீரும் கிளிஞ்சலும்

மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் கோவாவிலும் கொச்சியிலும் வாழும் தமிழ் மக்களுள் பலர் மாலை வேளையில் கடற்கரைக்குச் சென்று காற்று வாங்கும் வழக்கம் உடையவர்கள். உடன் வரும் குழந்தைகள் மணலில் கிடக்கும் கிளிஞ்சல்களைப் பொறுக்கிச் சேர்ப்பதும் எங்கும் காணும் காட்சியே. அக்கிளிஞ்சலைப் பற்றித்தான் இன்று நாம் சிறிது சிந்திக்க இருக்கிறோம்.

கிளிஞ்சலைச் சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு கிடைக்கும். வெற்றிலைக்குத் தடவவும் சுவருக்குப் பூசவும் நம் முன்னோர் அதனைப் பயன்படுத்தினர். சங்கு, சோழி, முத்துச்சிப்பி, பவழம் ஆகிய யாவும் அதே பொருளால் ஆனவை. கடலில் வாழும் எண்ணற்ற சிற்றுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் சத்துகளைக் கொண்டு தமக்கென ஓடு கட்டிக்கொள்கின்றன. கல்லும் காரையும் வெளியிலிருந்து வருவதில்லை. கடல்நீரே அவற்றை வழங்குகிறது. இந்த வழங்கலில் இப்பொழுது ஒரு குறை நேர்ந்துள்ளது. அக்குறை யாது, அதனை விஞ்ஞானிகள் எவ்வாறு ஆராய்கின்றனர், அவ்வாராய்ச்சி எந்த அளவுக்கு முன்னேறியுள்ளது என்பவற்றைக் காண்போம்.

பள்ளிக்கூடத்தில் இரசாயனம் பயின்றோர்க்கு ஒரு சோதனை நினைவிருக்கலாம். ஒரு கண்ணாடிக் குழாயில் தெளிந்த சுண்ணாம்பு நீரை எடுத்துக்கொண்டு அதனுள் கரியமிலவாயுவைச் செலுத்தினால், நீர் பால்போல் வெளுத்துவிடும். கிளிஞ்சலுக்கு அடிப்படையான பொருளே அங்கு நுண்ணிய தூளாகத் தோன்றுகிறது. பெரும்பாலோர் சோதனையை இவ்வளவில் நிறுத்திவிடுவர். ஆனால், வாயுவை மேலும் தொடர்ந்து செலுத்துவோமாயின், சிறிது நேரத்தில் அவ்வெண்மை மறைந்து நீர் மீண்டும் தெளிந்துவிடும். முன்னர் தோன்றிய சுண்ணாம்புத் தூள் கரைந்துபோயிற்று என்பது இதன் பொருள். கரியமிலவாயு அளவோடு இருந்தபோது ஓட்டுக்கு உரிய பொருளை உண்டாக்கிற்று. மிகுந்தபோது அதே பொருளை அழித்தது. இன்று கடலில் நிகழ்வதன் சாரத்தை இந்தக் குழாயிலேயே கண்டுகொள்ளலாம்.

கரியமிலவாயு கடலில் எவ்வாறு மிகுகிறது? நிலக்கரியும் எண்ணெயும் எரிவதாலும், காடுகள் அழிவதாலும், சிமிட்டி ஆலைகள் இயங்குவதாலும் அவ்வாயு காற்றில் சேர்கிறது. இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்கு கரியமிலவாயு இருந்தது. 1958-ஆம் ஆண்டில் சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் முறையாக அளக்கத் தொடங்கியபோது அது 315 பங்கு அளவில் இருந்தது. இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியிடும் கரியமிலவாயு முழுவதும் காற்றிலேயே தங்கிவிடுவதில்லை. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. ஆண்டொன்றுக்கு இது சுமார் 1000 கோடி டன் ஆகும். கடல் இத்தொண்டைச் செய்யாதிருந்தால் பூமியின் வெப்பம் இன்னும் விரைவாக உயர்ந்திருக்கும். ஆயினும் இத்தொண்டுக்கு ஒரு விலை உண்டு.

நீரில் கரைந்த கரியமிலவாயு ஒரு மெல்லிய அமிலமாக மாறுகிறது. சோடா நீரின் இலேசான புளிப்பு அதனால் ஏற்படுவதே. அவ்வமிலத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகள் பிரிகின்றன. அவை, ஓடு கட்டுவதற்குத் தேவையான கார்பனேட்டு அயனிகளைப் பற்றிக்கொண்டு அவற்றைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகின்றன. கொத்தனாருக்கு வரும் சுண்ணாம்புக் கூடையை வழியிலேயே ஒருவர் பறித்துக்கொள்வது போன்றது இது. கொத்தனார் வேலையை விட்டுவிடுவதில்லை. ஆனால் அதே சுவரை எழுப்ப முன்னிலும் மிகுதியாகப் பாடுபட வேண்டியவராகிறார். கார்பனேட்டு மிகவும் அருகிவிட்டாலோ, கட்டிய சுவரே கரையத் தொடங்கும்.

இங்கு ஒரு சொல்லைப் பற்றித் தெளிவு வேண்டும். மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர்க்கு இச்சொல் சற்று இடர்ப்பாடு தருவது. இந்நிகழ்ச்சியைக் ‘கடல் அமிலமாதல்’ என்று வழங்குகிறோம். கேட்போர், கடல்நீர் திராவகமாகிவிட்டது போலும் என்று அஞ்சக்கூடும். உண்மை அதுவன்று. அமிலத்துக்கு மறுதலையான காரத்தன்மை உடையதாகவே கடல்நீர் இன்றும் உள்ளது. அக்காரத்தன்மை குறைந்து வருகிறது என்பதே செய்தி. நூறு பாகை வெப்பமுள்ள நீர் தொண்ணூறு பாகைக்கு இறங்கும்போது அது ‘குளிர்கிறது’ என்கிறோம். பனிக்கட்டி ஆகிவிட்டது என்று யாரும் கருதுவதில்லை. அமிலமாதல் என்பதையும் அவ்வாறே ஒரு திசையைக் குறிக்கும் சொல்லாகக் கொள்ளுதல் வேண்டும்.

அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். என்னும் அளவுமுறையை 1909-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஸோரன்ஸன் வகுத்தார். அதில் 7 என்பது நடுநிலை. அதற்கு மேல் காரம், கீழ் அமிலம். கடலின் மேற்பரப்பு நீர் முன்னர் ஏறத்தாழ 8.2 ஆக இருந்தது, இப்பொழுது 8.1 அளவுக்கோ அதற்குச் சற்றுக் கீழோ வந்துள்ளது. பத்தில் ஒரு பங்கு வேறுபாடுதானே என்று எண்ணுவது தவறு. இவ்வளவுமுறையில் ஓர் எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகும். ஆகவே 0.1 இறங்குவது அவ்வயனிகள் கால் பங்குக்கும் சற்று மேலாகக் கூடியதைக் காட்டும். மனித இரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நிற்கிறது. அவ்வெல்லையை விட்டுச் சிறிது விலகினாலும் மருத்துவர் கவலை கொள்கின்றனர். இவ்வளவுகளின் நுட்பத்தை இதிலிருந்து உணரலாம்.

இந்த ஆராய்ச்சி வளர்ந்த வரலாறும் அறியத்தக்கது. 1957-ஆம் ஆண்டில் ரோஜர் ரெவெல், ஹான்ஸ் ஸூயெஸ் என்னும் இருவர், காற்றில் சேரும் கரியமிலவாயுவைக் கடல் எவ்வளவு ஏற்கும் என்று ஆராய்ந்து எழுதினர். அப்பொழுது மக்களின் கவனம் காற்றின் மீதே இருந்தது. 2003-ஆம் ஆண்டில் கென் கால்டெய்ரா, மைக்கேல் விக்கெட் ஆகியோர், கரியமிலவாயு தடையின்றிப் பெருகினால் கடலின் பி.எச். எவ்வாறு மாறும் என்பதைக் கணக்கிட்டு வெளியிட்டனர். 2005-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொஸைட்டி இப்பொருள் பற்றித் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதன் பின்னரே இத்துறை விரைவாக வளரலாயிற்று.

இது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சி அன்று, ஏழை எளியோரின் தொழிலைத் தொடுவது என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நேர்ந்தது. அங்கு நெட்டார்ட்ஸ் விரிகுடாவின் கரையில் சிப்பிக் குஞ்சுப் பண்ணை ஒன்று உள்ளது. முட்டையிலிருந்து சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து, சிப்பி வளர்ப்போர்க்கு விற்பது அதன் தொழில். 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் அங்குக் குஞ்சுகள் கோடிக்கணக்கில் மடிந்தன. முதலில் ஒருவகை நோய்க்கிருமியின் மீது ஐயம் கொண்டனர். நீரைத் தூய்மை செய்யும் கருவிகளை வைத்தும் பயன் விளையவில்லை. பின்னர், வடக்கேயிருந்து காற்று வீசும் நாட்களில் ஆழ்கடலின் குளிர்ந்த நீர் கரையோரம் மேலெழுவதையும், அந்நாட்களிலேயே குஞ்சுகள் மடிவதையும் கண்டுகொண்டனர். அந்நீரில் கரியமிலவாயு மிகுதி, கார்பனேட்டு குறைவு.

குஞ்சுகள் ஏன் மடிந்தன? பிறந்த இரண்டு நாட்களுக்குள் சிப்பிக் குஞ்சு தன் முதல் ஓட்டைக் கட்டி முடித்தாக வேண்டும். அப்பொழுது அதற்கு இரை உண்ணும் உறுப்புகள் முழுமையாக அமைந்திருப்பதில்லை. தாய்ச்சிப்பி முட்டையில் வைத்தனுப்பிய கட்டுச்சோறே அதற்குள்ள முதல். நீரில் கார்பனேட்டு குறைந்தால், ஓடு கட்டுவதிலேயே அக்கட்டுச்சோறு தீர்ந்துவிடுகிறது. ஓடு முடியுமுன் உயிர் முடிகிறது. பி.எச். அளவு மட்டுமன்றி, நீரில் கார்பனேட்டு எந்த அளவு நிறைந்துள்ளது என்பதே குஞ்சின் வாழ்வை முடிவு செய்கிறது என்பதை 2015-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி நிறுவிற்று.

நோய் இன்னதென்று அறிந்தபின் மருந்தும் கிடைத்தது. நீரின் தன்மையை இடையறாது அளக்கும் கருவிகளைப் பண்ணையில் பொருத்தினர். பகல் வெளிச்சத்தில் கடற்புற்கள் கரியமிலவாயுவை உண்டு நீரைச் சீர்செய்வதால், பிற்பகலில் நீர் எடுக்கலாயினர். தேவையான நாட்களில் நீரில் சலவைச் சோடாவைக் கலந்தனர். பண்ணை பிழைத்தது. ஆனால் பண்ணைத் தொட்டிக்குச் சோடா இடலாம். பெருங்கடலுக்கு யார் இடுவது?

இந்நிகழ்ச்சியில் மற்றொரு படிப்பினையும் உண்டு. ஆழத்திலிருந்து மேலெழும் நீர் காற்றைக் கடைசியாகத் தொட்டது பல பத்தாண்டுகளுக்கு முன்னர். ஒரு தலைமுறை வெளியிட்ட கரியமிலவாயு அடுத்த தலைமுறையின் கரையில் வந்து சேர்கிறது. இன்று நாம் வெளியிடுவதும் அவ்வாறே கடலின் வழியாகப் பயணம் செய்து, நம் பிள்ளைகளின் காலத்தில் கரையேறும்.

இனி, கடலுயிர்கள் அனைத்தும் ஒரே வகையில் துன்புறுகின்றனவா என்று கேட்கலாம். இல்லை என்பதே விடை. 2009-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஓடு கட்டும் 18 வகை உயிர்களைக் கரியமிலவாயு மிகுந்த நீரில் வளர்த்துப் பார்த்தனர். பத்து வகைகளில் ஓட்டின் வளர்ச்சி குன்றியது. ஏழு வகைகளில் சில அளவுகளில் வளர்ச்சி கூடவும் செய்தது. நண்டும் இறாலும் இவ்வினத்தவை. ஒருவகையில் மாறுதலே இல்லை. ஆகவே ‘கடலுயிர் எல்லாம் கரைந்துவிடும்’ என்று பொதுப்படக் கூறுவது உண்மைக்கு மாறாகும். எனினும், சிலவற்றுக்கு நன்மை விளைவதால் ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. ஓர் உயிரை மற்றோர் உயிர் உண்டு வாழும் கடலில், சங்கிலியின் ஒரு கண்ணி நைந்தால் மற்றவையும் தளரும்.

அத்தகைய கண்ணிகளுள் ஒன்று, கடல் வண்ணத்துப்பூச்சி எனப்படும் நீந்தும் சிறு நத்தை. அதன் காலே சிறகுபோல் விரிந்து நீரில் அதனை மிதக்கச் செய்கிறது. மீன்களுக்கும் பறவைகளுக்கும் அது நல்ல இரை. அதன் ஓடு அரகோனைட் என்னும், எளிதில் கரையும் வகைச் சுண்ணாம்பினால் ஆனது. தென்பெருங்கடலில் 2008-ஆம் ஆண்டில் உயிருடன் பிடித்த இந்நத்தைகளை நுண்பெருக்கியில் ஆராய்ந்தபோது, ஓட்டின் மேற்புறம் அரிக்கப்பட்டிருந்ததைக் கண்டனர். 2012-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. சோதனைச்சாலைத் தொட்டியில் எதிர்பார்த்ததை இயற்கைக் கடலிலேயே கண்டது இத்துறையில் ஒரு முக்கியப் படியாகும்.

தொட்டியில் சில நாட்கள் செய்யும் சோதனை, கடலில் பல தலைமுறை நிகழ்வதைக் காட்டுமா என்னும் ஐயம் விஞ்ஞானிகளுக்கு எப்பொழுதும் உண்டு. இதனைத் தீர்க்க இயற்கையே சில சோதனைச்சாலைகளை அமைத்துத் தந்திருக்கிறது. இத்தாலியில் இஸ்கியா என்னும் எரிமலைத் தீவின் அருகே கடலடியிலிருந்து கரியமிலவாயு குமிழிகளாக வெளிவருகிறது. நெடுங்காலமாக அங்கு வாழும் உயிர்களை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குமிழிகளை அணுக அணுகச் சுண்ணாம்பு ஓடுள்ள உயிர்கள் அருகின, கடற்புற்களோ செழித்திருந்தன. பாப்புவா நியூகினியிலும் இத்தகைய இடங்கள் உள்ளன. அங்குப் பவழ இனங்களின் வகைகள் குறைந்து, உருண்டு திரண்ட ஒருவகைப் பவழமே மேலோங்கியிருப்பதை 2011-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். கிளை விரித்த பவழங்களின் இடுக்குகளில்தான் மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. அவை மறைந்தால் மீனுக்கு வீடில்லை.

ஆஸ்திரேலியாவின் பெரும் பவழத்திட்டில், ஒன் ட்ரீ என்னும் தீவில் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. பவழத்திட்டின் மேல் ஓடும் நீரில் காரத்தைக் கலந்து, பழங்கால நீரின் தன்மையை ஒருவாறு மீட்டுப் பார்த்தனர். பவழத்திட்டின் சுண்ணாம்பு வளர்ச்சி சுமார் 7 சதவீதம் கூடியது. இதன் முடிவு 2016-இல் வெளியாயிற்று. இதற்கு மாறாக, கரியமிலவாயுவைக் கலந்து எதிர்கால நீரை உண்டாக்கியபோது வளர்ச்சி 34 சதவீதம் குறைந்தது என்பது 2018-இல் வெளியான முடிவு. பவழத்துக்கு இதனினும் உடனடியான பகை கடல்நீரின் வெப்பமே என்பதையும் இங்கே கூறவேண்டும். வெப்பம் மிகுந்தால் பவழம் வெளுத்து மடிகிறது. மடிந்த இடத்தில் புதிய பவழம் தழைப்பதைக் கரியமிலவாயு தாமதப்படுத்துகிறது. இடிப்பது ஒன்று, மீண்டும் கட்டவொட்டாமல் தடுப்பது மற்றொன்று.

விஞ்ஞானம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இயல்புக்கும் இத்துறையில் சான்று உண்டு. அமிலத்தன்மை கூடிய நீரில் கோமாளி மீனின் குஞ்சுகள் மோப்ப உணர்வை இழந்து, பகைவரின் மணத்தை நோக்கியே நீந்துகின்றன என்று 2009-ஆம் ஆண்டு முதல் சில ஆராய்ச்சிகள் கூறின. இது பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. வேறொரு குழுவினர் பல வகைப் பவழத்திட்டு மீன்களைக் கொண்டு அச்சோதனைகளை மீண்டும் செய்து, அத்தகைய பெரிய விளைவு எதனையும் தாம் காணவில்லை என்று 2020-ஆம் ஆண்டில் அறிவித்தனர். இதனைக் கேட்டு, அமிலமாதல் என்பதே பொய் என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. கடல்நீரின் இரசாயனம் மாறுவது கருவிகளால் நேரே அளந்து கண்ட உண்மை. ஓடு கட்டும் உயிர்கள் பலவற்றுக்கு அதனால் துன்பம் என்பதும் பல இடங்களில் உறுதியானது. மீனின் நடத்தை பற்றிய ஒரு கருத்துதான் மறு சோதனையில் தளர்ந்தது. நன்கு காய்ச்சிப் பார்த்தபின் எஞ்சுவதே பொன். அந்தப் பொறுமை இல்லாத துறையில் நமக்கு நம்பிக்கை பிறவாது.

நம்பிக்கை தரும் செய்திகளும் சில உள்ளன. கடலில் மிதக்கும் ஒருவகை நுண்பாசி சுண்ணாம்புத் தகடுகளைக் கவசமாக அணிந்திருப்பது. அதனைக் கரியமிலவாயு மிகுந்த நீரில் 500 தலைமுறை வளர்த்தபோது, இழந்த ஆற்றலில் ஒரு பகுதியை அது மீட்டுக்கொண்டது என்று 2012-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானிகள் கண்டனர். ஆஸ்திரேலியாவின் சிட்னி பாறைச் சிப்பியிலும், தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனம் மற்றதைவிட நன்கு தாக்குப்பிடிக்கிறது. ஆனால் நுண்பாசிக்கு நாளுக்கொரு தலைமுறை. பவழத்துக்கும் பெரிய சிப்பிகளுக்கும் தலைமுறை தோன்றப் பல ஆண்டுகள் ஆகும். மாறுதலின் வேகத்துக்கு அவை ஈடுகொடுக்குமா என்பதே கேள்வி.

நம் நாட்டின் நிலை யாது? அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது, பிராணவாயு குறைந்த ஆழ்நீர் மேற்குக் கரையோரம் மேலெழுகிறது. ஆரிகனில் கண்டது போன்று இந்நீரிலும் கரியமிலவாயு மிகுதி. வங்காள விரிகுடாவின் தன்மை வேறு. கங்கை, பிரமபுத்திரா, கோதாவரி முதலிய பேராறுகள் கொண்டுவரும் நன்னீரால் அதன் இரசாயனம் பருவந்தோறும் மாறுகிறது. அதன் மேற்குக் கரையோரத்தில் பி.எச். எதிர்பார்த்ததைவிட விரைவாக இறங்கியுள்ளது என்றும், தொழிற்சாலைப் புகையோடு காற்றில் வந்து கடலில் படியும் கந்தக, நைட்ரஜன் மாசுகள் அதற்கு ஒரு காரணம் என்றும் 2015-ஆம் ஆண்டில் நம் விஞ்ஞானிகள் எழுதினர். 1966-ஆம் ஆண்டு நிறுவப்பெற்று, இன்று கோவாவில் இயங்கும் தேசியக் கடலாராய்ச்சி நிறுவனத்துக்கு விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் மும்பையிலும் கிளைகள் உள்ளன. இலட்சத் தீவுகள் முழுவதும் பவழத்தின் மேல் அமைந்தவை. அந்தமானுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் பவழத்திட்டே அலைதாங்கும் அரண். ஆகவே இவ்வாராய்ச்சி நமக்கு அயலார் செய்தி அன்று.

அளக்கும் கருவிகளும் வளர்ந்துள்ளன. முன்னர்க் கப்பல் செல்லும் இடத்தில் மட்டுமே நீரை எடுத்து ஆராய முடிந்தது. இன்று தாமே ஆழத்துக்கு இறங்கி, ஏறி வந்து, பி.எச். அளவை விண்கோள் வழியாக அனுப்பும் மிதவைகள் பெருங்கடல்களில் உலவுகின்றன. மனிதர் செல்ல அஞ்சும் தென்பெருங்கடலின் குளிர்காலச் செய்தியும் இதனால் நமக்குக் கிடைக்கிறது.

முடிவாக, இவ்வளவும் அறிந்து நாம் செய்ய வேண்டுவது யாது? கரியமிலவாயு இப்பொழுதுபோல் தடையின்றிப் பெருகினால், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் பி.எச். மேலும் சுமார் 0.3 இறங்கும் என்று கணக்கிட்டுள்ளனர். அப்படியாயின் ஹைட்ரஜன் அயனிகள் இன்றுள்ளதைப் போல் இரு மடங்காகிவிடும். அதனைக் கட்டுப்படுத்தினால் இறக்கம் மிகச் சிறிதாகவே இருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மனிதர் கையில் உள்ளது. நிலக்கரியையும் எண்ணெயையும் சிக்கனம் செய்வதும், காற்றையும் வெயிலையும் சக்தியாக்குவதும் அரசுகளின் பெரும்பணி. கழிவுநீரைக் கடலில் கொட்டாதிருத்தல், கடற்புல் வெளிகளையும் அலையாத்திக் காடுகளையும் காத்தல் ஆகியவை ஊராட்சியும் நகராட்சியும் செய்யக் கூடியவை. கரையில் சேரும் அழுக்கு கடல்நீரின் துன்பத்தைப் பெருக்குவதால், இச்சிறு பணிகளின் பயன் சிறிதன்று.

நம்மில் பலர் பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழ்கிறோம். மொழி வேறு, உணவு வேறு, மழை பெய்யும் மாதமும் வேறு. ஆயினும் இந்நாட்டின் எந்தக் கரையில் நின்றாலும் கால்நனைப்பது ஒரே கடல்தான். அடுத்த முறை குழந்தை ஒரு கிளிஞ்சலை எடுத்து வந்து, இதனைக் கட்டியவர் யார் என்று கேட்டால், அதன் கதையைச் சொல்லுங்கள். அதனைக் கட்டுவது இப்பொழுது கடினமாகி வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.